நடந்தால்தான் கோலம்

இலஞ்சி வடக்குத் தெருவில் பெண்களெல்லாம் வாசல் பெருக்கிக் கோலம் போடுகிற நேரத்தில், அவர்களுக்கு நடுவே ஓர் ஆணும் குந்தி உட்கார்ந்து கோலம் போடுவார். கைலியை மடித்துக் கட்டியிருப்பார். சட்டையின் முதுகு வேர்வையில் ஒட்டியிருக்கும். முகத்தில் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் கவலை தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தெருக்காரர்கள் சிரிப்பதில்லை. அந்தக் கோலத்துக்குள் ஓர் உயிர் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர் பெயர் மந்திரமூர்த்தி. அப்பா காலம்வரை வயல்தான் பிழைப்பு. இவர் காலத்தில் அது நேந்திரங்காய் சிப்ஸ் கடையாக மாறியது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், கொதிக்கிற தேங்காய் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று, காயை நேராக எண்ணெய்க்குள் சீவிவிடுவார். சீவுவார், வெந்ததும் அரித்தெடுப்பார், ஒரு கை அள்ளி வாயில் போட்டுப் பார்ப்பார். உப்புச் சரியாக இருக்கும். இருந்தாலும் இன்னொரு கை அள்ளுவார். இருபது வருஷமாக இப்படி உப்புப் பார்த்துப் பார்த்தே, கடைவாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் நகந்து நில்லும். உமக்குப் பின்னால அருவி இருக்காம், சனங்க தேடுது," என்று பக்கத்துத் தேநீர்க் கடை எபனேசர் கேலி செய்வார். மந்திரமூர்த்தியும் வயிறு குலுங்கச் சிரிப்பார். சிரிக்கத் தெரிந்த மனிதர்.

அந்தச் சிரிப்பை ஒருநாள் மொத்தமாகப் பறித்துக்கொண்டது விதி.

அவருடைய மனைவி முத்துலட்சுமிக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன என்று சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள் தென்காசிக்குப் போய் ஊசிக் குழாய்களோடு படுத்துக் கிடந்து, உடம்பின் ரத்தத்தையெல்லாம் இயந்திரத்தில் கழுவிக்கொண்டு வர வேண்டும். ஆட்டோவில் போகும்போது நடந்து ஏறுவாள். திரும்பும்போது தோளில் தூக்காத குறையாக இறக்க வேண்டும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிச் சில வருஷம் ஊர் கேட்டது, பிறகு கேட்பதை விட்டுவிட்டது. அவருக்கு அவள் பிள்ளை, அவளுக்கு அவர் பிள்ளை என்று வாழ்ந்துவிட்டவர்கள்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அகிலாண்டேஸ்வரி என்ற டாக்டர், மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வார் என்றார். முத்துலட்சுமியின் அண்ணன் சுடலைமணி அச்சன்புதூரிலிருந்து ஓடிவந்து, "என்னோடத எடுத்துக்கிடுங்க," என்று சட்டையைக் கழற்றினார். அவருக்குப் பல வருஷத்துச் சர்க்கரை. முடியாது என்றார்கள். மந்திரமூர்த்தியின் ரத்தம் பொருந்தியது. மனிதர் ஆஸ்பத்திரியென்றும் பாராமல் கைதட்டிவிட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவரைத் தராசில் ஏற்றினார். தராசைப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, ரத்தம் பொருந்துது. உடம்பு பொருந்தல. இந்த எடையோட, இந்த அழுத்தத்தோட உங்ககிட்ட ஒரு கிட்னியை எடுத்தா, நாளைக்கு நீங்களும் இதே கட்டில்ல படுப்பீங்க. நான் அதைச் செய்ய மாட்டேன். உடம்பைக் குறைச்சிட்டு வாங்க. புரட்டாசிக்குள்ள வாங்க. அதுக்கு மேல உங்க சம்சாரம் தாங்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அது மாசி மாதம்.

அன்று பஸ்ஸில் ராஜபாளையம் தாண்டும்வரை மந்திரமூர்த்தி அழுதுகொண்டே வந்தார். "ஏட்டி, உனக்காக நான் மலையையே ஏறி இறங்குவேன். சிப்ஸக் கையால தொடமாட்டேன். இது சத்தியம்!" என்று மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

மறுநாள் அவர் நடக்கவில்லை, பறந்தார்! தென்காசிக்குப் போய் ஓட்டக்காரர்கள் போடுகிற காலணி வாங்கினார். போனில் ஒருவர் "எழு! உன்னால் முடியும்!" என்று கத்துகிற பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு குற்றாலம்வரை போய்வந்தார். ஒல்லியான ஒருவனின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டினார். இலஞ்சிக் குமாரர் சன்னதியில் விழுந்து எழுந்தார்.

நாலைந்து நாளில் கால் வலித்தது. வாரக் கடைசியில் கடையில் கூட்டம். அடுத்த வாரம் காதில் கத்துகிறவர் கத்திக்கொண்டே இருந்தார், இவர் போர்வைக்குள் கேட்டுக்கொண்டே தூங்கினார். பங்குனியில் மறுபடி ஒருநாள் அழுதார், மறுபடி சத்தியம் செய்தார், மறுபடி பறந்தார், மறுபடி படுத்தார். மனைவியின் மேல் பாசம் இல்லையா? கடல் போல் இருந்தது. அந்தக் கடலுக்கு விடியற்காலையில் எழுந்திருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சித்திரையில் ஒருநாள் காலை, வாசலில் தண்ணீர் தெளிக்கக் குனிந்த முத்துலட்சுமி அப்படியே சரிந்து விழுந்தாள். எதிர்வீட்டுக் கோமதியம்மாள் ஓடிவந்து தூக்கினாள். கோமதியம்மாள் மந்திரமூர்த்தியின் பெரியப்பா மகனைக் கட்டியவள், இவருக்கு மயினி முறை. இரண்டு எருமை வைத்துப் பால் கறந்து விற்பவள். வாய் அந்த எருமைகளின் கொம்பைவிடக் கூர்மையானது.

"ஏ கொழுந்தனாரே! பொண்டாட்டி இங்கன விழுந்து கெடக்கா, நீரு உள்ள எந்த ஊரு ராசாவாத் தூங்குதீரு?"

மந்திரமூர்த்தி ஓடிவந்தார், அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார், காலைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "இந்தத் தடவ பாரு லட்சுமி, நான் சத்தியமா..."

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். முத்துலட்சுமி அதிகம் பேசாதவள். பேசினால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

"எனக்குச் சத்தியம் வேண்டாம். நீங்க அழுது பேசுதது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுத மறுநாளு இன்னும் நல்லாத் தூங்குதீய."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளையில இருந்து வாசலு உங்க பொறுப்பு. நீங்கதான் பெருக்கணும், நீங்கதான் கோலம் போடணும்."

"அதுக்கென்னட்டி, நான் போடுதேன். நீ படுத்துக்க."

"முழுசாக் கேளுங்க. விடியக்கருக்கல்ல நடந்துட்டு வந்தாத்தான் கோலம். முந்தின நாளு கடையில வாயக் கட்டியிருந்தாத்தான் கோலம். இல்லேன்னா வாசலு வெறுமனே கெடக்கட்டும். தெரு கேக்கும். என்னன்னு நீங்களே பதில் சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அந்தத் தெருவில் கோலமில்லாத வாசல் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். சாவு வீட்டில் மட்டுமே கோலம் இருக்காது. காய்ச்சலென்றாலும், வீட்டில் சண்டையென்றாலும், சாரல் கொட்டினாலும், சன்ஷேடுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் இரண்டு கோடாவது இழுத்துவிட்டுத்தான் பெண்கள் மறுவேலை பார்ப்பார்கள். அது மந்திரமூர்த்திக்கும் தெரியும். இருந்தும் சரியென்று தலையாட்டினார். கோலம்தானே, என்ன பெரிய காரியம் என்று நினைத்திருப்பார்.

இந்த ஏற்பாட்டை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் வயல்பக்கம் நடந்துவிட்டு மூச்சிரைக்க வந்து, கோலப்பொடி டப்பாவோடு உட்கார்ந்தார். நாலு புள்ளி வைத்துச் சுற்றுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கோமதியம்மாள் பால் பாத்திரத்தோடு வந்து நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, இது கோலமா, தட்டுல இருந்து தவறி விழுந்த இடியாப்பமா?"

"மயினி, பொம்பளைக்கு உடம்பு சரியில்ல, நான் போடுதேன். சும்மா இருங்க."

"போடும் போடும். நான் எங்க வீட்டுக்காரருட்டயும் சொல்லுதேன். மனுசன்னா இப்படில்லா இருக்கணும்!"

அவள் பெருமையாகச் சொன்னது அவருக்குள் முள்ளாய்க் குத்தியது. மறுநாள் படுத்துக் கிடந்தபோது அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்குக் கோலம் இல்லையென்றால் இதே மயினி, "எங்க, காணும்?" என்பாளே! எழுந்தார். அதற்கடுத்த நாளும் எழுந்தார். பாசத்தினால் அல்ல, சத்தியத்தினால் அல்ல, கோமதியம்மாளின் வாய்க்குப் பயந்து எழுந்தார்.

சித்திரை போனது, வைகாசி போனது. கைலி இடுப்பில் நழுவ ஆரம்பித்தது. கோலத்தில் புள்ளிகள் கூடின. கடையில் சிப்ஸின் உப்பை எபனேசரைப் பார்க்கச் சொன்னார்.

"என்ன வே, உமக்கு நாக்குச் செத்துப் போச்சா?" என்றார் எபனேசர்.

"நீரு தின்னுட்டுச் சொல்லும் வே. கேள்வி கேக்காதயும்."

பிறகு ஆனி பிறந்தது. மலையில் மேகம் இறங்கியது. முதல் சாரல் விழுந்தது.

சாரல் என்றால் குற்றாலத்துக்கு உயிர் வந்துவிடும். அருவியில் தண்ணீர் விழுந்த சேதி பரவிய நாளில் கடையை மொய்த்துவிட்டது கூட்டம். ஈரத் தலையோடு, நடுங்கிக்கொண்டு, சூடாகச் சிப்ஸ் கேட்டு நின்றார்கள். மந்திரமூர்த்தி மதியச் சாப்பாட்டுக்கும் உட்காரவில்லை. பசி. குளிர். முன்னால் பொன்னாய்ப் பொரிந்து குவிகிற சிப்ஸ். கை தானாகப் போயிற்று. ஒருமுறை போன கை அன்று முழுவதும் போய்க்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் முத்துலட்சுமியைத் தென்காசியிலிருந்து கொண்டுவந்தபோது அவளால் நிற்கவே முடியவில்லை. ஆட்டோக்காரரும் கோமதியம்மாளும் இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். கோமதியம்மாள் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தெருவே பார்த்தது.

மறுநாள் விடியற்காலை மந்திரமூர்த்திக்கு விழிப்பு வந்தது. ஓட்டில் சாரல் சலசலத்தது. உடம்பு கல்லாய்க் கிடந்தது. நேற்றுத் தின்றது நெஞ்சில் நின்றது. எழுந்து போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்தார். கதவைத் திறந்தால் போதும். நடக்காமலே நாலு கோடு இழுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? லட்சுமி மருந்து மயக்கத்தில் தூங்குகிறாள்.

பொய்யாய் ஒரு கோலம் போட அவருக்கு மனம் வரவில்லை. அதே சமயம் அந்தச் சாரலில் இறங்கி நடக்கவும் உடம்பு வரவில்லை. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவமானத்தோடு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

வாசல் வெறுமனே கிடந்தது.

தெரு விழித்தது. கோமதியம்மாள் பாலோடு வெளியே வந்தாள். எதிர் வாசலைப் பார்த்தாள். கோலம் இல்லை. தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் தன் தோளில் துவண்டு கிடந்த அந்த முகம் கண்ணில் வந்தது.

"ஏட்டி லட்சுமி!" என்று தெருவிலிருந்தே கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். சாரல் சத்தம்தான் கேட்டது. போய்க் கதவைத் தட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பால் பாத்திரம் கையிலிருந்து நழுவியது.

"போயிட்டாளே! எங்க லட்சுமி எங்களை விட்டுப் போயிட்டாளே!"

அவ்வளவுதான். பக்கத்து வீடு வந்தது, கோடி வீடு வந்தது. யாரோ எபனேசருக்குப் போன் போட்டார்கள். அவர் குற்றாலத்தில் அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். அணைத்துவிட்டு, பூக்கடையில் ஒரு ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அச்சன்புதூருக்கும் போன் போயிற்று. அண்ணன் வரட்டுமென்று யாரும் கதவைத் தொடவில்லை. சுடலைமணிக்குக் கை கால் ஓடவில்லை. பிறந்த வீட்டிலிருந்து பிணத்துக்குக் கோடித் துணி போட வேண்டுமே! அந்த நேரத்தில் எந்தத் துணிக்கடை திறந்திருக்கும்? மனைவிக்கு எடுத்து வைத்திருந்த கிளிப்பச்சைப் புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் அழுதுகொண்டே வந்தார்.

வந்து இறங்கியவர் அந்த வெறும் வாசலைப் பார்த்ததும், "ஏ தங்கச்சி!" என்று அலறினார். அதற்காகவே காத்திருந்ததுபோல் தெரு முழுவதும் சேர்ந்து அழுதது.

அந்த அழுகையில்தான் மந்திரமூர்த்தி கண் விழித்தார்.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். கட்டில் காலி.

அந்த ஒரு நொடியை எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. வெளியே பெண்களின் அழுகை. உள்ளே வெறும் கட்டில். தான் தூங்கிக்கொண்டிருந்தபோதே அவள் போய்விட்டாளா? தன்னைத் தூங்கவிட்டு, இவர்களெல்லாம் அவளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்களா? தடாலென்று கதவைத் திறந்தார். மாலையோடு எபனேசர் நின்றார். கோடிச் சேலையோடு சுடலைமணி நின்றார். மந்திரமூர்த்தி அந்த ஈர வாசலில் மரம்போல் விழுந்து, தரையில் முகத்தை மோதிக்கொண்டு கதறினார்.

"லட்சுமி! நான் நடந்திருக்கணும்! நான் நடந்திருக்கணும் லட்சுமி!"

ஒருவருக்கும் அது புரியவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாக அழுதார்கள்.

அப்போது வீட்டின் பக்கவாட்டுச் சந்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னக்கா, யாரு செத்துப் போனது?"

மருந்து மயக்கம் தெளிந்து, புறவாசலில் பல் தேய்த்துவிட்டு, ஒரு கையில் செம்பும் மறு கையில் சுவருமாகப் பிடித்துப் பிடித்து நடந்து வந்த முத்துலட்சுமி, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

அழுகை பட்டென்று அறுந்தது. எபனேசர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். கோமதியம்மாள் ஓடிப்போய் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அவள் கோபம் மந்திரமூர்த்தி மேல் திரும்பியது.

"ஏ கோட்டிக்கார மனுசா! உசுரோட இருக்கவளுக்கு வாசல வெறுமனே போட்டு வச்சிருக்கீரே! எங்க ஈரக்கொல அத்துப் போச்சு! எதுக்குக் கோலம் போடல? சொல்லும்!"

தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. முத்துலட்சுமி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குச் சொன்னது போலவே வாய் மூடி நின்றாள்.

மந்திரமூர்த்தி தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"நான் இன்னிக்கு நடக்கல மயினி. நேத்துக் கடையில வாயையும் கட்டல. நடந்தாத்தான் கோலம்னு லட்சுமி சொல்லியிருக்கா. என் உடம்பு எறங்கினாத்தான் என் கிட்னிய இவளுக்கு வைப்பாங்களாம். புரட்டாசி வரைக்கும்தான் கெடு. அதுக்குப் பொறவு... அதுக்குப் பொறவு நீங்க எல்லாரும் வரவேண்டியதுதான். இப்ப வந்தது மாதிரியே."

சுடலைமணி கையிலிருந்த சேலையை மெல்ல மடிக்குள் ஒளிக்கப் பார்த்தார். முத்துலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கா அண்ணே கொண்டாந்த? கலரு நல்லாருக்கு. வீட்டுல பத்திரமா வச்சிரு. நான் நடந்து வந்து வாங்கிக் கட்டிக்கிடுதேன்."

சுடலைமணி குழந்தைபோல் தேம்பினார். மந்திரமூர்த்தி எழுந்தார். யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நெற்றி மண்ணைக்கூடத் துடைக்காமல், அந்தச் சாரலிலேயே வயல் பாதையில் நடக்க ஆரம்பித்தார். கூட்டம் கலையாமல் நின்றது. அவர் நனைந்து திரும்பி வந்து, சன்ஷேடுக்கு அடியில் தரையைத் துடைத்து, புள்ளி வைத்துச் சுற்றி முடிக்கும்வரை அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள்.

"இப்ப போங்கட்டி, அவங்கவங்க சோலியப் பாருங்க," என்றாள் கோமதியம்மாள்.

அன்றிலிருந்து அந்த வாசல் மந்திரமூர்த்தியுடையதாக மட்டும் இல்லை. தெருவுக்கே சொந்தமாகிவிட்டது.

விடியற்காலையில் எதிர்வீட்டிலிருந்து, "கொழுந்தனாரே, எருமையே எந்திரிச்சிட்டு!" என்று குரல் வரும். மினி பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணாச்சி, இன்னைக்குக் கோலமா?" என்று கேட்பார். தலையாட்டாமல் பஸ்ஸில் ஏற முடியாது. கடையில் சட்டிக்குப் பக்கத்தில் அவர் கை கொஞ்சம் தாமதித்தால், தேநீர்க் கடையிலிருந்து எபனேசரின் குரல் வரும்.

"கைய எடும் வே! நான் இன்னொரு தடவ மாலை வாங்கமாட்டேன்!"

எல்லா நாளும் மந்திரமூர்த்திக்கு உற்சாகம் பொங்கியதா? இல்லை. வெறுப்போடு நடந்த நாட்கள் உண்டு. சாரலைத் திட்டிக்கொண்டு, தெருவைத் திட்டிக்கொண்டு, ஏன், முத்துலட்சுமியையே மனதுக்குள் திட்டிக்கொண்டு நடந்த நாட்களும் உண்டு. "மனசு வராட்டா கெடக்கட்டும், காலு வந்தாப் போதும்," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். காதில் கத்துகிற பேச்சை நிறுத்திவிட்டார். வாங்கிய காலணி தேய்ந்துபோய், சாதாரணச் செருப்பிலேயே நடந்தார். கண்ணாடியில் ஒட்டிய படம் ஈரத்தில் உரிந்து விழுந்தது. அதை யாரும் திரும்ப ஒட்டவில்லை.

ஆடியில் காற்று சுழற்றி அடித்தது. ஆவணியில் கடைக்கூட்டம் குறைந்தது. முத்துலட்சுமி நாளுக்கு நாள் மெலிந்து கறுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கோலம் போடுவதைப் பார்ப்பாள். "அந்தப் புள்ளி விட்டுப் போச்சு," என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். அவர் கோலத்தை முடித்து நிமிரும்போது, அவள் கண்ணில் ஈரம் மினுங்கும். அதை அவர் பார்க்காததுபோல் இருந்துகொள்வார்.

புரட்டாசி வந்தது. இருவரும் மதுரைக்குக் கிளம்பினார்கள். வழியனுப்பத் தெருவே பஸ் நிறுத்தத்தில் நின்றது. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

டாக்டர் அகிலாண்டேஸ்வரி அறைக்குள் நுழைந்தவரை ஒருமுறை பார்த்தார், கையிலிருந்த பழைய அறிக்கையை ஒருமுறை பார்த்தார். "மந்திரமூர்த்தி எங்கே?" என்றார்.

"நான்தான் மேடம்."

தராசில் ஏறச் சொன்னார். மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். வடக்குத் தெரு மொத்தமும் அந்தத் தராசைச் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். படுக்க வைத்து, நிற்க வைத்து, மறுபடி பார்த்தார்கள். இரண்டு நாள் தங்க வைத்து எல்லாச் சோதனையும் செய்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து அவர் கையைப் பிடித்தார்.

"எடுத்துக்கலாம். நிம்மதியா எடுத்துக்கலாம். எத்தனையோ பேருக்கு இதே வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கேன் ஐயா. திரும்பி வந்தவங்க ரொம்பக் கொஞ்சம். எப்படிச் செய்தீங்க?"

மந்திரமூர்த்தி யோசித்தார். என்னென்னவோ சொல்லலாம் என்று தோன்றியிருக்கும். கடைசியில், "தெனமும் வாசல்ல பதில் சொல்லணும் மேடம்," என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. முத்துலட்சுமிக்குப் புரிந்தது. மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, அந்த ஆஸ்பத்திரி அறையில் வாய்விட்டு அழுதாள். "எனக்கு இவரு போதும் மேடம். இவரு எனக்குப் போதும்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஐப்பசி மழையில் ஆபரேஷன் நடந்தது. அவர் உடம்பில் இருந்தது அவள் உடம்புக்குப் போயிற்று. போன உடனே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நர்ஸ் வந்து சொன்னபோது, வெளியே காத்திருந்த சுடலைமணி அந்த நீண்ட நடைவழியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

தொற்று வராமல் பார்க்க வேண்டுமென்று, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கச் சொன்னார்கள். கார்த்திகையும் மார்கழியும் அங்கேதான் கழிந்தன. ஐயப்ப பக்தர்கள் வரும் காலத்தில் சிப்ஸ் கடையை எபனேசரே சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

இங்கே இலஞ்சியில் ஒரு சங்கடம் வந்தது. பூட்டிய வீடு. வாசல் வெறுமனே கிடக்கிறது. அதுவும் மார்கழியில்! கோமதியம்மாளால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அந்த வாசலு இனி ஒருநாளும் வெறுமனே கெடக்கக் கூடாது," என்று தெருப் பெண்களைக் கூட்டிச் சொன்னாள். "ஆளுக்கு ஒரு நாளு போடுவோம். ஆனா அந்த வாசலுக்குன்னு ஒரு சட்டம் இருக்குட்டி. நடந்துட்டு வந்துதான் போடணும்."

முழங்கால் வலிக்காரி கோமதியம்மாள் பனியில் குமாரர் கோயில்வரை நடந்துபோய்த் திரும்பிவந்து, அந்த வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டதை நினைத்துப் பாருங்கள்! கிறிஸ்துமஸ் அன்று எபனேசர் நடந்து வந்து, தனக்குத் தெரிந்த ஒரே கோலமான ஐந்து முனை நட்சத்திரத்தைப் போட்டார். ஒவ்வொரு நாளும் கோலத்தின் போட்டோ மதுரைக்குப் போகும். முத்துலட்சுமி கட்டிலில் சாய்ந்துகொண்டு போனை மார்பில் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் மந்திரமூர்த்தி, தழும்பைத் தடவிக்கொண்டே, "மயினி போட்டதப் பாரு, இவுகளுக்கும் இடியாப்பம்தான் வருது!" என்று சிரிப்பார். பறிபோன சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்புகிற வழியில் முத்துலட்சுமி காரை நேரே அச்சன்புதூருக்கு விடச் சொன்னாள். அண்ணன் வீட்டு வாசலில் இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் நடந்து உள்ளே போனாள்.

"எண்ணே, எனக்குக் கொண்டாந்தத எடு."

சுடலைமணி அந்தக் கிளிப்பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தார். பிணத்தின் மேல் போடக் கொண்டுவந்த அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, முத்துலட்சுமி இலஞ்சி வடக்குத் தெருவில் வந்து இறங்கினாள். முகத்தில் பழைய நிறம் ஏறியிருந்தது. தெரு முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோலம். குலவைச் சத்தத்தில் கோமதியம்மாளின் எருமைகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. எபனேசர் அன்றைக்குத் திரும்பக் கொண்டுபோன மாலைக்குப் பதிலாக இரண்டு மாலைகள் வாங்கி வந்திருந்தார்.

மறுநாள் விடியற்காலை முத்துலட்சுமி எழுந்து கோலப்பொடி டப்பாவைக் கையில் எடுத்தாள். எத்தனை மாதமாயிற்று! மந்திரமூர்த்தி பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, இரு இரு! நான் இன்னும் நடக்கலையே!"

"அதான் எந்திரிங்க. நானும் வாரேன்."

தெரு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இருவரும் வயல் பாதையில் இறங்கினார்கள். அவள் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். தென்னந்தோப்புத் திருப்பம்வரை பைய நடந்து திரும்பினார்கள். வந்து வாசலைப் பெருக்கித் தெளித்தார்கள்.

"புள்ளிய நீங்க வைங்க. நான் சுத்துதேன்," என்றாள்.

அவர் வைத்தார். அவள் சுற்றினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பால் பாத்திரத்தோடு கோமதியம்மாள் வந்து நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏட்டி லட்சுமி, கடைசிப் புள்ளி கோணலு!"

முத்துலட்சுமி நிமிராமலே பதில் சொன்னாள்.

"இருக்கட்டும்க்கா. அது அவரு வச்சது."